முத்துவாரா முந்திரி: கருங்கல் பக்கத்துப் பெயரில்லாத கடை

கருங்கல்லில் இருந்து புதுக்கடைக்குப் போகிற வழியில் பாதி தூரத்தில் இடப்பக்கம் ஓர் ஓட்டுவீடு. அதன் திண்ணையை அடைத்துக் கடையாக்கி இருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. தூணில் ஒரு சிலேட்டு தொங்கும். நான் முதல்முறை போன அன்று அதில் சாக்பீசால் எழுதியிருந்தது இது:

முழுசு 320 – முத்துவாரா – 880
பிளவு – முத்துவாரா – 740
நாடு – இல்லை

வண்டியை நிறுத்த வைத்தது அந்தக் கடைசி வரிதான். நம் குமரி மாவட்டத்தில் முந்திரி விற்கிற எந்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், எல்லாம் நாட்டு அண்டி, அதாவது உள்ளூர் முந்திரிக்கொட்டை, என்பார்கள். சொந்தத் தோட்டத்தில் நின்ற மரத்தில் இருந்து நேற்றுப் பறித்த மாதிரி பேசுவார்கள். கொல்லாமாவு என்கிற முந்திரிமரம் நின்ற மேடெல்லாம் ரப்பராகி எத்தனையோ வருடம் ஆகிறது. மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடைப் பக்கத்து அண்டியாபீசுகள், அதாவது முந்திரி உடைக்கிற ஆலைகள், ஓடுவது கப்பலில் வருகிற கொட்டையில். அதை வெளியே சொன்னால் விலை குறைந்துவிடும் என்று எல்லாருக்கும் ஒரு பயம். இங்கே ஒரு பெண் சிலேட்டில் 'நாடு – இல்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

அப்புறம் அந்த 'முத்துவாரா'. உள்ளே நின்றிருந்த இன்னொருவர், "இது தூத்துக்குடிப் பக்கமா?" என்று கேட்டார். முத்து என்றதும் அவருக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்திருக்கும். கடைக்காரி, "இல்ல அண்ணா, ஆப்பிரிக்காவாக்கும். மூட்டையில எழுதியிருந்ததப் பாத்து எழுதினது. சரியா வாயில நுழையல்ல" என்றார்.

எனக்கு நுழையும். 1998 முதல் 2012 வரை ஒவ்வொரு வருடமும் ஐப்பசி முதல் தை வரை நான் அந்த ஊரில்தான் கிடந்தேன். ம்ட்வாரா, தான்சானியாவின் தென்கோடித் துறைமுகம். எங்கள் ஆபீசில் எல்லோரும் 'மட்வாரா' என்போம். அங்கே உள்ளவர்கள் முதல் 'ம்'மைத் தனியாக, வாயை மூடி ஒரு முனகல் போல இழுத்துச் சொல்வார்கள். அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எங்கள் 'மட்வாரா'வை விட இந்தக் கடைக்காரியின் 'முத்துவாரா' எவ்வளவோ தேவலை.

முதலில் சரக்கு. கால் கிலோ முழுசு வாங்கினேன். வீட்டில் வந்து நூறு கிராம் நிறுத்து எண்ணினேன். 68 பருப்பு. 320 என்றால் ஒரு ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, 300 முதல் 320 பருப்பு என்று அர்த்தம். நூறு கிராமுக்கு 66 முதல் 70 வரை வரவேண்டும். ஆக, சொன்ன தரம்தான். பல கடைகளில் 320 என்று சொல்லிவிட்டு 400ஐக் கட்டித் தருவார்கள், எண்ணினால் 85 இருக்கும். யாரும் எண்ணுவதில்லை என்பது அவர்கள் தைரியம். நான் எண்ணுவேன், எனக்கு வேறு வேலை இல்லை.

நிறம் நல்ல தந்த வெள்ளை. கருகல் இரண்டு, புள்ளி விழுந்தது ஒன்று. தோல் ஒட்டியது எதுவும் இல்லை. கடித்தால் 'டக்'கென்று உடைந்தது, பின்னால் ஒரு பால் இனிப்பு வந்தது. ம்ட்வாராப் பக்கத்து மகொண்டே மேட்டுக் கொட்டைக்கு அந்த இனிப்பு உண்டு என்பது என் கட்சி. மேற்கு ஆப்பிரிக்காக் கொட்டை பொதுவாகச் சிறிசு. பாயசத்துக்கு அது போதும், வெறுமனே கொறிக்க இதுதான். இதில் என்னோடு சண்டை போட நிறையப் பேர் இருக்கிறார்கள், போடட்டும்.

என் வேலை என்ன என்று சொன்னால் ஏன் இவ்வளவு கறார் என்று புரியும். கொட்டை வெட்டிப் பார்க்கிற வேலை. எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் பருப்பு தேறும் என்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தக் கணக்கு. அவுட்டர்ன் என்போம். குடோனில் மூட்டைகளைக் குத்தி மாதிரி எடுத்து, அதில் ஒரு கிலோவை ஒவ்வொன்றாகப் பிளந்து, நல்லது, புள்ளி, சுருங்கல், பொக்கு என்று நான்காகப் பிரிக்க வேண்டும். பருப்பு 272 கிராம் தேறினால் 48 ராத்தல். ஊருக்குப் போன் போட்டு 'எடுக்கலாம்' என்பேன். 44 என்றால் விலையில் மல்லுக்கட்டு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வெட்டு. அண்டிப்பால் பட்டு விரல்நுனித் தோல் பாம்புச் சட்டை மாதிரி உரியும். என் அம்மாவுக்கும் அப்படித்தான் உரிந்தது. அவள் கருங்கல் பக்கம் ஓர் ஆபீசில் இருபது வருடம் அண்டி தல்லினவள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு தட்டுவாள். கை கழுவினாலும் கறுப்பு போகாது. கல்யாண வீடுகளில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

கடைக்காரியும் அண்டியாபீசில் பருப்பு தரம் பிரித்தவர்தான். ஆபீஸ் மூடியபோது பாக்கிக் கூலிக்குப் பதிலாகக் கொஞ்சம் சரக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அதை விற்கத் தொடங்கி, இப்போது தெரிந்த ஆபீசுகளில் வாங்கி விற்கிறார். என் விரலைப் பார்த்ததும், "அண்ணா நீங்களும் அண்டிதானா?" என்றார். பிறகு கால் மணி நேரம் கடையில் வியாபாரம் நடக்கவில்லை.

உள்சுவரில் ஒரு சார்ட் பேப்பர். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அவர் மகன் வரைந்த தான்சானியா வரைபடம். அம்மா விற்கிற கொட்டையின் ஊர் எது என்று தேடி வரைந்திருக்கிறான். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், குறை சொல்ல வேண்டியதும் அதில்தான் இருக்கிறது.

வடக்கே விக்டோரியா ஏரி, மேற்கே தாங்கனீக்கா ஏரி, தென்மேற்கே நியாசா ஏரி மூன்றையும் ஊதா மையில் நன்றாகப் போட்டிருக்கிறான். தாங்கனீக்கா 1,470 மீட்டர் ஆழம், உலகத்தில் இரண்டாவது ஆழமான ஏரி என்று பக்கத்தில் குறிப்பு வேறு. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், சரி. தெற்கே மொசாம்பிக்கைப் பிரிக்கிற ருவுமா ஆறும் சரி. ஆனால் சான்சிபாரைக் கொண்டுபோய் ம்ட்வாராவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டாக வைத்துவிட்டான். அது 450 கிலோமீட்டர் வடக்கே, தாருஸ்ஸலாமுக்கு அருகில் உள்ள தீவு. தலைநகர் என்று தாருஸ்ஸலாமுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. டொடோமாதான் தலைநகர் என்று 1973இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் அமைச்சகங்கள் உண்மையிலேயே மூட்டை கட்டிக் கிளம்பியது 2016க்குப் பிறகு. நான் இருந்த காலத்தில் ஒரு கையெழுத்து வாங்க எல்லோரும் தாருஸ்ஸலாமுக்குத்தான் ஓடுவோம்.

சான்சிபாரைப் பற்றி அந்தப் பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். தாங்கனீக்கா 1961 டிசம்பர் 9இல் சுதந்திரம் பெற்ற தனி நாடு. சான்சிபார் 1963 டிசம்பரில் சுதந்திரம் வாங்கி, அடுத்த மாதமே புரட்சியில் சுல்தானை விரட்டியது. இரண்டும் 1964 ஏப்ரல் 26இல் ஒன்றாகின. தாங்கனீக்காவில் இருந்து 'தான்', சான்சிபாரில் இருந்து 'சான்', சேர்த்தால் நாட்டின் பெயர். "ரெண்டு ஊரைச் சேத்து ஒரு பேரா?" என்று சிரித்தான். 1956 நவம்பர் 1க்கு முன்னால் நீயும் நானும் நிற்கிற இந்த இடம் எந்த மாநிலம் என்று கேட்டேன். தெரியவில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து, "திருவிதாங்கூர்-கொச்சிணு சொல்லு மக்கா" என்றார்.

தான்சானியாவின் அளவையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு தமிழ்நாட்டைப் போட்டாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6 கோடி 17 லட்சம், நம்மை விடக் குறைவு. 120க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தும் எந்த மூலைக்குப் போனாலும் சுவாஹிலி பேசிப் பிழைத்துக்கொள்ளலாம். அந்தச் சுவாஹிலியில் நமக்குத் தெரிந்த சொற்கள் நிறையக் கிடக்கும். கடைக்கு டூக்கா, வண்டிக்கு காரி, ஊறுகாய்க்கு அச்சாரி, ஒரு லட்சத்துக்கு லாக்கி. எல்லாம் நம் நாட்டு வியாபாரிகள் போட்டுவிட்டு வந்தது. ஜெர்மன்காரன் ஆண்ட காலத்தில் அங்கே நாணயமே ரூபாய்தான்.

முந்திரி அங்கே போனதும் நம் ஊருக்கு வந்ததும் ஒரே கையால்: பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ம்ட்வாரா பூமத்திய ரேகைக்குத் தெற்கே பத்து டிகிரி, நாம் வடக்கே எட்டு. அதனால் பருவம் தலைகீழ். நமக்கு மாசி முதல் சித்திரை வரை கொட்டை விழும். அவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. இங்கே குடோன் காலியாகிற நேரத்தில் அங்கே மூட்டை கட்டுவார்கள். அண்டியாபீசில் வருடம் முழுக்க அடுப்பு எரிய இந்தத் தலைகீழ்தான் ஆதாரம்.

நான் முதலில் போன காலத்தில் தாருஸ்ஸலாமில் இருந்து ம்ட்வாராவுக்குச் சாலை என்று சொல்ல ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ருஃபிஜி ஆற்றில் பஸ்ஸை மிதவைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். வரிசையில் ஒரு பகல் போய்விடும். மழை என்றால் தெற்கு மாவட்டங்கள் அப்படியே துண்டாகிவிடும். 2003இல் அங்கே பாலம் வந்தது. அப்போதைய அதிபர் பெஞ்சமின் ம்காபா மசாசிப் பக்கத்துக்காரர், பாலத்துக்கும் அவர் பெயர். 'நம்ம ஊர்க்காரன் வந்தபிறகுதான் பாலம் வந்தது' என்று ம்ட்வாரா டீக்கடையில் பேசுவார்கள். குழித்துறைப் பக்கம் கேட்கிற பேச்சு மாதிரியே இருக்கும்.

அந்தத் துறைமுகம் முந்திரிக்காகக் கட்டியது இல்லை என்பதைக் கடைக்காரி நம்பவே மாட்டேன் என்றார். கட்டியது கடலைக்காக. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பஞ்சம். தாங்கனீக்காவிலும் பக்கத்து நாடுகளிலுமாக 32 லட்சம் ஏக்கரில் நிலக்கடலை போட்டு எண்ணெய் எடுப்போம் என்று லண்டனில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். கொங்வாவில் மண் வெயிலில் சிமெண்டாய் இறுகிக் கலப்பையை உடைத்தது. பழைய போர் டாங்கிகளை டிராக்டராக மாற்றிக் கொண்டுவந்தும் பொந்தன்புளி மரங்கள் அசையவில்லை. தெற்கே நச்சிங்குவேயாவில் விளைவதை ஏற்ற ம்ட்வாராவில் ஆழ்கடல் துறைமுகம், அதற்கு ரயில்பாதை. துறைமுகம் முழுதாக முடிவதற்குள், 1951இல், திட்டம் செத்தது. தண்டம் 3 கோடி 60 லட்சம் பவுண்டு. ரயில்பாதையைப் பிறகு பிடுங்கிவிட்டார்கள். துறைமுகத்தைப் பிடுங்க முடியாதே. நச்சிங்குவேயா பின்னாளில் மொசாம்பிக் விடுதலைப் படைக்குப் பயிற்சி முகாம் ஆனது. "கடல போட இடமா இல்லாம போச்சு? நம்மகிட்ட கேட்டிருக்கலாம்" என்றார் கடைக்காரி.

என் அம்மாவின் கதைக்கு வருகிறேன். நான் 1972இல் பிறந்தவன். அம்மா அடிக்கடி சொல்வாள்: "என் கல்யாணத்துக்கு முன்ன வருஷம் முழுக்க வேலை. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கினப்பம் வாரத்துக்கு மூணு நாள்." முதலாளி ஏமாற்றுகிறான் என்றுதான் வீட்டில் நினைத்தோம். காரணம் எனக்குத் தெரிந்தது 1999இல், மகொண்டே மேட்டில் உள்ள நேவாலாவில் ஒரு கிழவரின் வீட்டுத் திண்ணையில்.

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே நல்ல மனிதர். அங்கே இன்றைக்கும் 'வாத்தியார்' என்றுதான் பெயர், ம்வாலிமு. 1967இல் அருஷா பிரகடனம் வெளியிட்டு வங்கிகளையும் ஆலைகளையும் அரசுடைமை ஆக்கினார். சிதறிக் கிடக்கிற விவசாயிகளை ஊர்களாகச் சேர்த்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம் என்பது கணக்கு. விருப்பப்பட்டு வா என்று தொடங்கியது, 1973க்குப் பிறகு கட்டாயமானது. நேவாலாக் கிழவரின் குடும்பத்தை லாரியில் ஏற்றிப் புது ஊரில் இறக்கினார்கள். மரங்கள் எட்டு மைல் தள்ளி நின்றுவிட்டன. முந்திரிக்குக் கீழே புல்லைச் செதுக்கவில்லை என்றால் விழுந்த கொட்டை கண்ணில் படாது, தீ பிடித்தால் மரமே போய்விடும். "மரத்துக்குக் கால் இல்லை, எனக்கு சைக்கிள் இல்லை" என்றார் அவர். கூடவே சாம்பல் நோய் வந்து பூவைக் கருக்கியது. அரசு வாங்கிய விலையும் கட்டுப்படியாகவில்லை. 1973–74இல் 1,45,000 டன்னாக இருந்த விளைச்சல் எண்பதுகளின் பிற்பாதியில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. இதற்கிடையில் உலக வங்கிக் கடனில் பெரிய பெரிய உடைப்பாலைகளைக் கட்டிவிட்டு, உடைக்கக் கொட்டை இல்லாமல் பூட்டிப் போட்டார்கள். அந்தத் துருப்பிடித்த ஆலை ஒன்றின் நிழலில் நான் எத்தனையோ நாள் கொட்டை வெட்டியிருக்கிறேன்.

அங்கே ஒரு மனிதர் வீடு மாறினார், இங்கே என் அம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள் கூலி போயிற்று. இடையில் இருந்தது ஒரு சணல் மூட்டை மட்டும். அம்மாவிடம் வந்து சொன்னேன். "அந்த வாத்தியாரு கெட்டவரா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடமும் ஒரே மொழியும் கொடுத்தவர், 1985இல் தானாகவே பதவியை விட்டு இறங்கியவர் என்றேன். "பின்ன சரி" என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூறுகளில் தனியார் வாங்கலாம் என்று திறந்துவிட்டபிறகுதான் என் போன்றவர்களுக்கு அங்கே வேலை. கந்தகத் தூள் அடித்து நோயை அடக்கினார்கள். கிராமத்தில் காசில்லாத மாதங்களில் தரகர்கள் கிண்ணத்தால் அளந்து அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள், கங்கோம்பா என்று பெயர். கிண்ணத்தில் கூம்பாகக் குவித்தால் ஒரு விலை, தட்டினால் ஒரு விலை. சந்தையில் உழக்கு வைத்து ஏமாற்றுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. 2007 முதல் கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் கொட்டையை வைத்து ரசீது வாங்கி ஏலம் விடும் முறை வந்தது. ஏலத்திலும் பிரச்சினைதான். 2018இல் வியாபாரிகள் கேட்ட விலை போதாது என்று விவசாயிகள் விற்க மறுக்க, அதிபர் ஜான் மகுஃபுலி, அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு எல்லாவற்றையும் வாங்கும் என்று சொல்லி ராணுவ லாரிகளை அனுப்பினார். நான் அப்போது ஊரில். கூட வேலை பார்த்தவன் அங்கிருந்து போட்டோ அனுப்பினான். துப்பாக்கி வைத்த ஆள் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான். மகுஃபுலி 2021இல் இறந்தார். இப்போது சாமியா சுலுஹு ஹசன், அந்த நாட்டின் முதல் பெண் அதிபர், சான்சிபார்க்காரர்.

சரி, கடையின் குறைகள். ஒன்று, பாக்கெட். பரிசுக்கு என்று கேட்டால் அச்சடித்த கவரில் போட்டுத் தருகிறார். கவரில் பனி மூடிய கிளிமஞ்சாரோ, முன்னால் சிங்கம். கிளிமஞ்சாரோவுக்கும் ம்ட்வாராவுக்கும் நேர்கோட்டிலேயே 800 கிலோமீட்டருக்கு மேல், நாகர்கோவிலில் இருந்து சென்னையைத் தாண்டிப் போகிற தூரம். நேந்திரங்காய் உப்பேரி பாக்கெட்டில் இமயமலை போட்ட கதை. கொல்லாம்பழம் தொங்குகிற ஒரு மரத்தைப் போடலாமே என்றேன். சிங்கம் போட்டால்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்கிறார். வியாபாரம் அவருடையது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. ஆனி மாதம் வாங்கிய அரைக்கிலோ பிளவு இரண்டே நாளில் நமுத்துவிட்டது. தகர டின்னில் இருந்து அள்ளிக் கட்டித் தந்தது, டின் மூடி சரியில்லை. மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கத்து ஈரத்தில் முந்திரி ஒரு இரவு திறந்து கிடந்தால் போச்சு. திரும்பக் கொண்டு போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை, புது டின்னை உடைத்து மாற்றிக் கொடுத்தார். பழையதை என்ன செய்வீர்கள் என்றால், வெயிலில் காயவைத்து வீட்டுக்குத்தான் என்றார். அதற்குப் பிறகு ஒட்டிய கவரில் உள்ளதைத்தான் வாங்குகிறேன். நீங்களும் மழைக்காலத்தில் டின்னில் இருந்து வாங்காதீர்கள்.

மூன்றாவது, சில்லறை. ஐநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் பக்கத்து மருந்துக்கடைக்கு ஆள் போகும். போனில் பணம் அனுப்புகிற வசதி உண்டு, சிக்னல் கிடைத்தால்.

விலை நாகர்கோவில் கடைகளை விட நாற்பது ஐம்பது ரூபாய் குறைவு. அதற்காக மட்டும் பெட்ரோல் செலவழித்து வராதீர்கள். அந்த வழியே போனால் நிறுத்துங்கள்.

போன வாரம் போனபோது வரைபடத்தில் சான்சிபார் வடக்கே ஏறியிருந்தது. பழைய பொட்டை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருக்கிறான். டொடோமாவுக்கு ஒரு நட்சத்திரம். தாருஸ்ஸலாமின் நட்சத்திரத்தை அழிக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறான். சிலேட்டில் 'முத்துவாரா' மாறவில்லை, மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முழுசு மட்டும் தீர்ந்துபோயிருந்தது. புதுக் கொட்டை கார்த்திகையில் கப்பலேறினால் தூத்துக்குடியில் இறங்கி, வறுத்து, தல்லி, தோல் உரித்துக் கடைக்கு வரத் தை பாதியாகும். அதுவரை பிளவு இருக்கிறது.